மலச்சிக்கலுக்குக் காந்தத் தூண்டல்: மதுரையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இடுப்புத் தளத் தசைகளுக்கான பிசியோதெரபி செய்து வருகிறேன். சிறுநீர்க் கசிவு, பிரசவத்துக்குப் பிறகான தளர்ச்சி, நாள்பட்ட மலச்சிக்கல் என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சில காலமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு வீடியோவை அவர்கள் கொண்டுவந்து காட்டுகிறார்கள். உடையோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நாற்காலி டக்டக்கென்று சத்தம் போடும், பல வருட மலச்சிக்கல் காந்தத்தால் தீர்ந்தது என்று கீழே எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே வைத்திருக்கிறேன். அந்த இயந்திரம் என்னிடம் இல்லை. அதை விற்பவர்கள் யாரோடும் எனக்குத் தொடர்பும் இல்லை.

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் போறேன். இது மலச்சிக்கலா அக்கா?"

அது மட்டும் என்றால் இல்லை. முக்காமல், மென்மையாக, முழுக்கப் போன நிறைவோடு போகிறதென்றால் இரண்டு நாளைக்கு ஒரு முறை என்பதும் சிலருக்கு இயல்புதான். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் தினமும் போகிறவர்கள் என்பதால், ஒரு நாள் தவறினாலே பயம் வந்துவிடுகிறது.

மருத்துவர்கள் 2016-ல் வெளியான ரோம்-4 வரையறையைப் பார்ப்பார்கள், குடல் தொல்லைகளை வகைப்படுத்தும் சர்வதேச வரையறை அது. வாரத்துக்கு 3 முறைக்கும் குறைவாகப் போவது, முக்கித்தான் போக வேண்டியிருப்பது, ஆட்டுப்புழுக்கை மாதிரி இறுகி வருவது, போன பிறகும் உள்ளே மிச்சம் இருக்கிற உணர்வு, ஆசனவாயில் ஏதோ அடைத்த மாதிரி இருப்பது, விரலால் உதவினால்தான் வெளிவருவது. இந்த ஆறில் குறைந்தது இரண்டு, எப்போதாவது அல்ல, அடிக்கடி இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதம் ஆகி, கடந்த 3 மாதமாக விடாமல் இருந்தால் அது நாள்பட்ட மலச்சிக்கல்.

கடைசியாகச் சொன்ன விரல் விஷயத்தை யாரும் தானாகச் சொல்வதில்லை. நான் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்பார்கள். தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எந்த வகை மலச்சிக்கல் என்று கண்டுபிடிக்க அது பெரிய துப்பு.

"எல்லாம் உடம்புச் சூடுன்னு சொல்றாங்க. மோர் குடிச்சா போதாதா?"

கத்திரி வெயிலில் வேர்த்து ஊற்றும்போது உடம்பில் நீர் குறையும். பெருங்குடல் மலத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மலம் இறுகும். அந்த அளவுக்கு மோரும் நீராகாரமும் நல்லதுதான். ஆனால் சித்திரையில் இருந்த தொல்லை மார்கழியிலும் இருக்கிறதென்றால் வேறு காரணம் தேட வேண்டும். தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், பார்க்கின்சன், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரைகள், அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து என்று பட்டியல் நீளம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் பூ வியாபாரம் பார்க்கும் ஒரு அம்மா அந்த வீடியோவோடுதான் வந்தார். விடியும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர். மோஷன் வரும் நேரத்தில் வியாபாரத்தில் இருப்பார், ஒதுங்க நல்ல இடம் கிடையாது, அடக்கிக்கொள்வார். மதியம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் வராது. இதற்கிடையில் ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை வேறு. மருத்துவர் அந்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். கிளம்பும் முன் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுக் கழிப்பறையில் பத்து நிமிடம் உட்கார்வதைப் பழக்கினோம். இரண்டு மாதத்தில் சரியானது. மலம் வரும் உணர்வை வருடக்கணக்கில் அடக்கினால் மலக்குடல் அந்தச் சமிக்ஞையைக் கொடுப்பதையே குறைத்துக்கொள்ளும். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததும் இந்த நோய்க்கு ஒரு காரணம் என்பதை நான் எல்லா இடத்திலும் சொல்லி வருகிறேன்.

"மலச்சிக்கல்ல என்ன வகை? எல்லாம் ஒண்ணுதானே?"

ஒன்றல்ல. கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

முதல் வகையில் குடல் சரியான வேகத்தில்தான் நகர்த்துகிறது, ஆனாலும் இறுகல், உப்புசம், நிறைவின்மை எல்லாம் இருக்கும். பெரும்பாலோர் இதில்தான் வருவார்கள். நார்ச்சத்து, தண்ணீர், எளிய மருந்து இவற்றுக்கே நன்றாகக் கேட்கும். இரண்டாவது மந்தகதி வகை. பெருங்குடலின் அலையசைவே குறைந்துபோய், மலம் வந்து சேரவே நாளாகும். உணர்வே வராது. மூன்றாவது வாசல் வகை. மலம் மலக்குடல் வரை வந்துவிடும். முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசையும் இடுப்புத் தளத் தசையும் தளராமல் இறுகிக்கொள்ளும். கதவைத் திறக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு உள்பக்கமாக இழுத்துப் பிடிப்பதைப் போல. பெரிய சிகிச்சை மையங்களுக்கு அனுப்பப்படுகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த வகை இருக்கும். சிலருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே இருக்கும்.

"எனக்கு எந்த வகைன்னு எப்படித் தெரியும்? ஸ்கேன்ல தெரியுமா?"

வயிற்று ஸ்கேனில் இது தெரியாது. அனுபவமுள்ள மருத்துவர் கையுறை போட்டு விரலால் செய்யும் பரிசோதனையிலேயே பாதி தெரிந்துவிடும். "முக்குங்கம்மா" என்று சொல்லும்போது தசை தளர்கிறதா, இறுகுகிறதா என்று விரலுக்குப் புரியும். ஒரு நிமிடப் பரிசோதனை அது. கூச்சத்தால் அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது பலூன் பரிசோதனை. 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சிறு பலூனை மலக்குடலில் வைத்து, உட்கார்ந்து வெளியேற்றச் சொல்வார்கள். ஓரிரு நிமிடத்தில் வெளியே வரவில்லையென்றால் வாசல் வகை என்ற சந்தேகம் வலுக்கும். மேனோமெட்ரி என்ற அழுத்தச் சோதனை அதை உறுதி செய்யும். மந்தகதியைக் கண்டுபிடிக்க 24 சிறு வளையங்கள் உள்ள ஒரு காப்சூலை விழுங்கச் செய்து ஐந்தாம் நாள் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஐந்துக்கு மேல் வளையம் உள்ளே மிச்சம் இருந்தால் குடல் மெதுவாக நகர்கிறது என்று அர்த்தம்.

"காந்தத் தூண்டல்னா வயித்துக்குள்ள காந்தம் வைப்பாங்களா?"

உள்ளே எதுவும் போகாது. ஒரு கம்பிச்சுருளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருப்பார்கள். அதில் மிகப் பலமான மின்சாரம் ஒரு நொடியின் பல்லாயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் பாய்ந்து நிற்கும். அப்போது காந்தப்புலம் சட்டென்று எழுந்து சட்டென்று விழும். மாறும் காந்தப்புலம் பக்கத்தில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டது பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதேதான் இங்கே உடம்புக்குள் நடக்கிறது. உள்ளே உண்டாகும் அந்தச் சின்ன மின்னோட்டம் நரம்பைத் தட்டி எழுப்பும்.

சுருளை முதுகுத்தண்டின் அடியில், வால் எலும்புக்கு மேலே உள்ள திரிக எலும்பின் மீது வைப்பார்கள். அல்லது நாற்காலி இருக்கைக்கு அடியில் சுருள் இருக்கும், நீங்கள் மேலே உட்கார்வீர்கள். திரிக எலும்பின் துளைகள் வழியாக வரும் இரண்டாம், மூன்றாம், நான்காம் திரிக நரம்புகள்தான் மலக்குடலுக்கும், பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கும், இடுப்புத் தளத் தசைகளுக்கும் செய்தி கொண்டுபோகின்றன. இலக்கு அந்த நரம்புகள்.

"தமுக்கத்துல பொருட்காட்சியில காந்தப் பெல்ட் வாங்குனேன். அதுவும் இதுவும் ஒண்ணுதானே?"

இரண்டுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. மேலே சொன்னதில் "மாறும்" என்ற சொல்தான் முக்கியம். பெல்ட்டிலும் மெத்தையிலும் வளையலிலும் இருக்கும் காந்தம் அசையாமல், மாறாமல் இருப்பது. அதனால் நரம்பில் மின்னோட்டம் உண்டாகாது. பலமும் ஒப்பிட முடியாதது. காந்தப்புலத்தின் பலத்தை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள்; சிகிச்சைச் சுருளின் பரப்பில் புலம் ஒரு டெஸ்லா அல்லது அதற்கு மேல் போகும். பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் அதில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

காந்தத்தில் வைத்த தண்ணீர், காந்தச் செருப்பு இவற்றுக்கும் இதே பதில்தான். வாங்கிவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை. ஆனால் அதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் அந்தக் காந்தச் சாமான்களை அவர்கள் நெஞ்சுக்கு அருகில் கொண்டுபோகவும் வேண்டாம்.

"கரண்ட் ஷாக் மாதிரி வலிக்குமா?"

தோலுக்கு மேல் மின்முனை ஒட்டிக் கொடுக்கும் சிகிச்சையில் தோல்தான் முதல் தடை. ஆழத்தில் இருக்கும் நரம்பை எட்டப் போதுமான மின்சாரம் கொடுத்தால் தோல் சுரீரென்று எரியும். காந்தப்புலத்துக்குத் துணி, தோல், கொழுப்பு, எலும்பு எதுவும் தடையில்லை. அதனால் எரிச்சல் குறைவு. யாரோ உள்ளிருந்து தட்டுகிற மாதிரி, தசை தானாகச் சுண்டிச் சுண்டி இழுக்கும். கால் விரல் அசையலாம். சத்தம் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் மிரட்சியாக இருக்கும், காதடைப்பான் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு ஒரு நாள் இடுப்பில் உளைச்சல் இருக்கலாம்.

எட்டும் தூரத்துக்கு எல்லை உண்டு. சுருளிலிருந்து விலக விலகப் புலம் வேகமாகக் குறையும். உடல் பருமனானவர்களுக்கு நரம்பு இன்னும் ஆழத்தில் இருப்பதால் தூண்டல் சரியாக எட்டாமல் போகலாம்.

"சேலையைக் கழட்டணுமா? ஆம்பளை டாக்டரா இருந்தா?"

கழட்ட வேண்டியதில்லை. இந்த முறையில் எனக்குப் பிடித்த அம்சமே அதுதான். எத்தனையோ பெண்கள் பரிசோதனைக்குக்கூட வராமல் வருடக்கணக்கில் தவிப்பது இந்தக் கூச்சத்தால்தான். இங்கே ஆசனவாய்க்குள் கருவி எதுவும் வைப்பதில்லை.

உலோகத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். வெள்ளி அரைஞாண் கொடி, கொசுவத்தில் குத்தியிருக்கும் சேப்டி பின், இடுப்பில் செருகிய சாவிக்கொத்து, சுருக்குப்பையில் இருக்கும் சில்லறை. இவை சுருளுக்கு மிக அருகில் வரும், சூடாகலாம், இழுபடலாம். செல்போனும் ஏடிஎம் கார்டும் அறைக்கு வெளியே இருக்கட்டும். நூல் சேலையோ சுடிதாரோ போட்டுக்கொண்டு போனால் நிம்மதி.

"மூளைக்கு வைக்கிற மெஷினும் இதுவும் ஒண்ணுன்னு பையன் சொல்றான். அப்ப மூளைக்கு ஏதாவது ஆயிடுமா?"

தம்பி சொன்னது பாதி சரி. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு தலைக்கு மேல் சுருளை வைத்து மூளையைத் தூண்டிக் காட்டியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் மனச்சோர்வுக்கான காந்தச் சிகிச்சை. அமெரிக்காவில் 2008-ல் அனுமதி பெற்றது. தத்துவம் ஒன்றுதான். சுருள் வைக்கும் இடம், வேகம், நோக்கம் எல்லாம் வேறு. இடுப்பில் வைக்கும் சுருளின் புலம் மூளை வரை எட்டாது. எக்ஸ்ரே மாதிரியான கதிர்வீச்சும் இதில் இல்லை.

"நேரடியாச் சொல்லுங்க. இது வேலை செய்யுதா, இல்லையா?"

நம்பிக்கை தருகிறது, ஆனால் உறுதியாகவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

இந்த நாற்காலி முறை முதலில் வந்தது சிறுநீர்க் கசிவுக்காக. பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கு அமெரிக்காவில் 1998-ல் அனுமதி கிடைத்தது. மலச்சிக்கலில் முதலில் முயன்றது முதுகுத்தண்டு அடிபட்டவர்களிடம். 2001-ல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறு ஆய்வில், தூண்டலுக்குப் பிறகு அவர்களின் பெருங்குடலில் மலம் கடக்கும் நேரம் குறைந்தது. பின்னர் தைவானில் பார்க்கின்சன் நோயாளிகளிடமும், சீனாவில் வேறு நோய் இல்லாத மலச்சிக்கல்காரர்களிடமும் முயன்றிருக்கிறார்கள். முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஆட்கள் குறைவு, ஒவ்வொருவரும் வைத்த வேகமும் நாட்களும் வேறு வேறு, தொடர்ந்து கவனித்த காலமும் குறுகியது.

இன்னொரு சிக்கல், மலச்சிக்கலில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தாலே கணிசமானவர்களுக்கு முன்னேற்றம் தெரியும். பெரிய இயந்திரம், டக்டக் சத்தம், அக்கறையாகப் பேசும் மருத்துவர் எல்லாம் சேர்ந்தால் அந்த நம்பிக்கை இன்னும் கூடும். அதனால் சத்தம் மட்டும் வரும் பொய்ச்சுருளை ஒரு பாதிப் பேருக்கு வைத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளைத்தான் நான் மதிப்பேன். அவை பெரிய அளவில் இன்னும் வேண்டும். மலச்சிக்கலுக்கான சிகிச்சை வழிகாட்டுதல்களில் இது முதல் வரிசையில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

"வேகம்னு சொன்னீங்களே, வேகமா வச்சா சீக்கிரம் குணமாகுமா?"

அப்படி இல்லை. மலக்கசிவு உள்ளவர்களிடம், அதாவது மலத்தை அடக்க முடியாதவர்களிடம், அமெரிக்காவின் அகஸ்டாவில் சதீஷ் ராவ் குழு செய்த ஆய்வு 2021-ல் வந்தது. 33 பேர், வாரம் ஒரு முறை, ஆறு வாரம். நொடிக்கு 1, 5, 15 தட்டு என்று மூன்று வேகங்களை ஒப்பிட்டார்கள். மிக மெதுவானதுதான், நொடிக்கு ஒரு தட்டு, நன்றாக வேலை செய்தது. அது கசிவுக்கான முடிவு, சிக்கலுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் வேகம் கூடினால் பலன் கூடும் என்ற கணக்கு தப்பு என்பது தெரிகிறது.

"இறுகிப்போன தசையை மெஷின் இன்னும் சுருங்க வைக்கும்னா, சிக்கல் கூடத்தானே செய்யும்?"

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆசிரியை கேட்டது இது. மிகச் சரியான கேள்வி. மூன்றாவது கேள்வியில் சொன்ன வாசல் வகைக்காரர்களுக்குத் தசை பலவீனம் இல்லை, தளரத் தெரியாததுதான் நோய். சிறுநீர்க் கசிவுக்கான நாற்காலியில் இருக்கும் தசை வலுப்படுத்தும் நிரலை அப்படியே இவர்களுக்கு ஓட்டினால் நோக்கத்துக்கே எதிரானது.

ஆய்வுகளில் இந்த வகையினருக்குக் கொடுத்தவர்கள் வேறு விதமாக யோசிக்கிறார்கள். நரம்பைத் தட்டுவதால் மலக்குடலின் உணர்வு கூர்மையாகும், சுருங்குவதையும் விடுவதையும் நோயாளி தெளிவாக உணர்வார், அதன் மேல் பயிற்சி கொடுத்தால் வேகமாகக் கற்றுக்கொள்வார் என்பது எண்ணம். அதனால் பயோஃபீட்பேக் பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். பயோஃபீட்பேக் என்றால் ஆசனவாயில் சிறு உணரியை வைத்து, தசை இறுகுவதையும் தளர்வதையும் திரையில் காட்டி, பார்த்துப் பார்த்துப் பழக வைப்பது. இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இத்தாலியில் 2006-ல் 109 பேரிடம் செய்த ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பயிற்சி பெற்றவர்களில் 80 சதவீதம் பேருக்குப் பெரிய முன்னேற்றம், மலமிளக்கி மட்டும் எடுத்தவர்களில் 22 சதவீதம். வாசல் வகை என்று உறுதியானவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தப் பயிற்சியைத்தான். அதற்குப் பிறகும் போதவில்லையென்றால் காந்தத்தைப் பற்றிப் பேசலாம்.

"அப்ப யாருக்குத்தான் இதை யோசிக்கலாம்?"

உணவு, தண்ணீர், பழக்கம் சரிசெய்து, மருந்தும் முறையாக எடுத்து, வகையும் பரிசோதனையில் உறுதியாகி, வாசல் வகையென்றால் பயோஃபீட்பேக்கும் முடித்து, அதற்குப் பிறகும் தவிப்பவர்களுக்கு. மலக்குடலில் உணர்வே மரத்துப்போனவர்களுக்கும் நரம்பு நோயால் சிக்கல் வந்தவர்களுக்கும் பலன் கிடைக்க வாய்ப்பு இருக்கலாம். இந்தப் படிகளை ஏறாமல் நேராக இயந்திரத்துக்குப் போவதுதான் எனக்கு வருத்தம். என்னிடம் வீடியோவோடு வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு படியிலேயே தேறிவிட்டார்கள்.

"முதல் படின்னா என்ன செய்யணும்? கீரை, வாழைப்பழம் எல்லாம் சாப்பிடுறேனே."

நார்ச்சத்து நாளுக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். இட்லி, பரோட்டா, சோறு என்று ஓடும் நாளில் அதில் பாதிகூட வராது. கொய்யா, அவரை, சுண்டல், கம்பங்கூழ், கீரைத்தண்டு இவை நன்றாகக் கைகொடுக்கும். மெதுவாகக் கூட்டுங்கள், ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். மந்தகதி வகைக்காரர்களுக்கு நார்ச்சத்து அதிகமானால் உப்புசம்தான் மிஞ்சும், அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்த வேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பெருங்குடல் தானாகவே வேகம் எடுக்கும். அந்த அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள். குந்தி உட்காரும் கழிப்பறையில் மலக்குடல் வளைவு நிமிரும், மலம் எளிதாக இறங்கும். மூட்டுவலிக்காக மேற்கத்திய கழிப்பறைக்கு மாறியவர்கள் காலடியில் ஒரு முக்காலியைப் போட்டு, முட்டி இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி முன்னால் சாய்ந்து உட்காருங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள்.

"மாத்திரை பழகிடும்னு பயமா இருக்கு. நிலாவரைப் பொடி போட்டாலும் பழகிடுமா?"

பாலிஎதிலீன் கிளைக்கால் பவுடர் தண்ணீரை மலத்தோடு பிடித்து வைப்பது, அவ்வளவுதான். மருத்துவர் மேற்பார்வையில் பல மாதம் எடுக்கலாம். இசப்கோல் எடுத்தால் கூடவே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே கட்டிக்கொள்ளும். நிலாவரை நம் தெற்குச் சீமைப் பயிர், உலகச் சந்தையில் திருநெல்வேலி பெயரிலேயே விற்பது. குடலைத் தூண்டும் மருந்து அது. சரியான அளவில், தேவைப்படும்போது எடுத்தால் குடலைக் கெடுத்துவிடாது. அளவு தெரியாமல் தினமும் கூட்டிக்கொண்டே போவதுதான் தவறு.

காந்தச் சிகிச்சை தொடங்கியதும் இருக்கிற மருந்தைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். முன்னேற்றம் தெரிந்தால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

"யாரு இதுல உட்காரவே கூடாது?"

பேஸ்மேக்கர், இதய அதிர்ச்சிக் கருவி, காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவி, இன்சுலின் பம்ப் வைத்தவர்கள் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், இடுப்பிலோ அடிமுதுகிலோ பிளேட், ஸ்க்ரூ வைத்தவர்கள் கூடாது. கர்ப்பிணிகள் கூடாது. வலிப்பு நோய், காப்பர்-டி, இதயத்தில் ஸ்டென்ட், சமீபத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். எந்தக் கேள்வியும் கேட்காமல் உட்கார வைக்கிற இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

"என் தம்பி மரத்துல இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்வு இல்ல. அவனுக்கு ஆகுமா?"

இவர்களிடம்தான் ஆராய்ச்சியே தொடங்கியது என்று முன்பே சொன்னேன். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு மலம் கழிப்பது நெடுநேரம் பிடிக்கும் வேலை, சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட. அம்மாவோ மனைவியோ கூடவே இருந்து செய்ய வேண்டும். அந்த நேரம் குறைந்தாலே குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி. எனக்குத் தெரிந்த ஒரு இளைஞருக்கு வெளியூரில் சில வாரம் கொடுத்தார்கள். நேரம் குறைந்தது. நிறுத்திய சில மாதங்களில் பழையபடி ஆனது.

அடிபட்ட இடம் நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ என்றால் ஒரு எச்சரிக்கை. கீழே கொடுக்கும் எந்தப் பலமான தூண்டலும் ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடலாம். தலை வெடிப்பது போன்ற வலி, முகம் சிவத்தல், வேர்த்தல் அதன் அடையாளம். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே செய்யும் மருத்துவமனையில் மட்டும்தான் இவர்களுக்குச் செய்ய வேண்டும்.

"குழந்தைக்கு அஞ்சு வயசு. வலிக்குதுன்னு அடக்கிக்கிறா. கூட்டிட்டுப் போகலாமா?"

வேண்டாம்மா. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒரு முறை இறுகி வலித்ததும் பயந்து அடக்கிக்கொள்வதுதான் காரணம். குழந்தை மருத்துவர் மலத்தை மென்மையாக்கும் மருந்தைச் சில மாதம் விடாமல் கொடுக்கச் சொல்வார். வலி மறந்தால்தான் பயம் போகும். சரியானதும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், திட்டவும் செய்யாதீர்கள்.

"முதுகுல மெஷின் பொருத்துறாங்களாமே, அது இதைவிட நல்லதா?"

திரிக நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பியை அறுவை சிகிச்சையில் பொருத்தி, தோலுக்கடியில் பேட்டரி வைப்பது அது. மலக்கசிவுக்கு நன்றாகப் பயன்படுகிறது. மலச்சிக்கலில் ஆரம்பத்தில் இருந்த எதிர்பார்ப்பு நீண்ட கால ஆய்வுகளில் நிறைவேறவில்லை. செலவும் மிக அதிகம். அதே நரம்பை வெளியிலிருந்து தூண்டும் காந்த முறைக்கும் இந்த அனுபவம் ஒரு எச்சரிக்கை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

"பத்து சிட்டிங் பேக்கேஜ், முன்பணம் கட்டுங்கன்னு சொல்றாங்க. கட்டலாமா?"

கட்டும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். என் மலச்சிக்கல் எந்த வகை, எந்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தீர்கள்? எனக்கு எந்த வேகத்தில், எந்த இடத்தில், எதற்காக வைக்கிறீர்கள்? பாதியில் பலன் தெரியவில்லையென்றால் எப்போது நிறுத்துவீர்கள், மீதிப் பணம் என்ன ஆகும்? முடிந்த பிறகு பலன் குறைந்தால் மறுபடி எவ்வளவு செலவு? ஒரு அமர்வின் கட்டணத்தைக் கேட்காதீர்கள், மொத்தக் கணக்கைக் கேளுங்கள். வழக்கமாக ஒரு அமர்வு இருபது, முப்பது நிமிடம், பல வாரம் நீளும். மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ வந்து போகும் பஸ் செலவும், விடுபடும் கூலியும் அந்தக் கணக்கில் சேரும்.

"நூறு சதவீதம் குணம்" என்று ஒருவர் சொன்னால் அங்கே பணம் கட்ட வேண்டாம். நகையை அடகு வைத்து இதற்குப் பணம் கட்டியதாக ஒரு அம்மா என்னிடம் அழுதிருக்கிறார். அவருக்குத் தைராய்டு பார்க்கவே இல்லை. மருந்து தொடங்கியதும் தேறினார்.

"எப்ப உடனே டாக்டரைப் பார்க்கணும்?"

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய சிக்கல், மலம் திடீரென்று பென்சில் மாதிரி மெலிவது, வீட்டில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் காந்தம், கஷாயம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் பெருங்குடல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லையென்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் வந்தால் மூலம்தான் என்று தானாக முடிவு செய்து, சுவர் விளம்பரத்தைப் பார்த்துப் போகாதீர்கள்.

"மதுரையில முதல்ல எங்க போறது? போகும்போது என்ன கொண்டுபோகணும்?"

பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் குடல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே தொடங்கலாம். உங்கள் குடும்ப மருத்துவரிடம் தொடங்கினாலும் சரிதான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள், மலம் எப்படி இருந்தது. புழுக்கை மாதிரியா, வெடிப்புவிட்ட உருண்டையா, வாழைப்பழம் மாதிரியா, கூழா என்று எழுதினால் போதும். மருத்துவர்களின் பிரிஸ்டல் அட்டவணையில் இருக்கும் ஏழு வகையும் இதே மாதிரிதான். எடுக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும், சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியையும் சேர்த்து. முன்பு நடந்த பிரசவம், அறுவை சிகிச்சை விவரங்களையும் எழுதிவையுங்கள். உள்ளே போனதும் பேச்சு வரவில்லையென்றால் அந்த நோட்டை நீட்டிவிடுங்கள். அப்படி நீட்டியவர்களுக்கு விரல் விஷயம் உட்பட எல்லாக் கேள்வியையும் மருத்துவரே கேட்டுக்கொள்வார், நீங்கள் ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும்.